குண்டூசி மொழியில் ஒரு பெயர்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயரின் அர்த்தம் மட்டும்தான் உண்டு. மேசைக்கு மேசை ஒரு பித்தளைப் பலகை நிற்கும். அதில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது, பெயரின் பொருள்தான் பொறிக்கப்பட்டிருக்கும். "பெயர் வெறும் ஓசை, பொருளே மனிதன்" என்று இயக்குநர் ஒரு சுற்றறிக்கையில் எழுதிவிட்டார். அன்று முதல் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒழுங்கீனம் ஆயிற்று. வெளியே வாசலில் மாட்டியிருந்த பலகையில் துறையின் முழுப் பெயர் இரண்டு வரிக்கு நீண்டு கிடந்தது. ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அர்த்த ஆபீஸ் என்று சுருக்கிவிட்டார்கள்.

மூன்றாம் எண் ஜன்னலில் இருந்தவரின் பலகையில் "மின்னல்" என்று இருந்தது. மின்னல் காலையில் வந்து மேசை இழுப்பறையைத் திறப்பார். கண்ணாடிக் கூட்டை எடுப்பார். கண்ணாடியை எடுத்து, ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். அந்த நேரத்தில் ஒரு லிஃப்டின் தண்டவாளம் இரண்டுக்கும் மேலிருந்து கீழ்வரை எண்ணெய் போட்டு முடித்துவிடலாம் என்று வரிசையில் நின்ற லிஃப்ட் மெக்கானிக் கணக்குப் போட்டார். அவருக்குத் தெரிந்த உலகம் அது. பத்தொன்பது வருடமாக அந்த நகரத்தின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர்.

அவர் வந்தது மகளின் பெயரைப் பதிவு செய்ய. மகளுக்கு வயது அன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

"பொருள்?" என்றார் மின்னல், விண்ணப்பத்தில் காலியாக இருந்த கட்டத்தைப் பேனாவால் தட்டி.

"பொருள் ஒண்ணும் இல்ல சார். பேரு மட்டும்தான்."

மின்னல் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் மறுபடி துடைக்க வேண்டும், வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"அர்த்தம் இல்லாம எப்படிப் பேரு வைப்பீங்க?"

"வாயில வந்துச்சு, கூப்பிட்டோம் சார். அப்படியே நின்னுடுச்சு."

"எங்கேருந்து வந்துச்சு? மூலம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதையும் காலியா விட்டிருக்கீங்க."

"என் சம்சாரம் வாயிலேருந்து சார்."

அது சத்தியமான பதில். மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவது, குட்டையானதுக்கு விளிம்பு பிரித்து விடுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. வேலை செய்யும்போது உதட்டுக்கு நடுவே நாலைந்து குண்டூசி எப்போதும் இருக்கும். அப்போது அவர் எது பேசினாலும் உதடு பிரியாமல்தான் பேச வேண்டும். நாலாவது மாதம், யாருடைய பேன்ட்டையோ மடித்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. அவர் குண்டூசியை எடுக்காமலே வயிற்றைப் பார்த்து ஒரு ஓசை எழுப்பினார். அசைவு நின்றது. இன்னொரு முறை எழுப்பினார். பதிலுக்கு ஒரு உதை வந்தது. அதிலிருந்து அதுதான் பெயர்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. பயந்துகொண்டு அந்த இரண்டையும் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. "கூப்பிட்டிருந்தா நின்னிருக்குமோ என்னமோ" என்று அவர் ஒரே ஒரு நாள் சொன்னார், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாவது நின்றது, பிறந்தது, அந்த ஓசை கேட்டதும் தலையைத் திருப்பியது. அந்தப் பெயரை மாற்றுவது என்றால் அந்தக் குடும்பத்தில் அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

இதையெல்லாம் மின்னலிடம் சொல்ல முடியுமா? சொன்னால் எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

"தொண்ணூறு நாள் டைம் இருக்கு," என்றார் மின்னல். "அதுக்குள்ள பொருளும் மூலமும் காட்டணும். காட்டலேன்னா எங்க கையிருப்பிலேருந்து ஒரு பேரை ஒதுக்கிடுவோம். அது தானாவே நடந்துடும், உங்களுக்குச் சிரமம் இல்ல."

"கையிருப்புல என்ன பேரு சார் இருக்கு?"

"நல்லதெல்லாம் போயிடுச்சு." அவர் ஒரு நோட்டைப் புரட்டினார். "இப்ப நாலு இருக்கு. 'ஓரளவு திருப்தி'ன்னு பொருள் வர்றது ஒண்ணு. 'மிதமான ஈரப்பதம்' ஒண்ணு. 'மேற்படி' ஒண்ணு, அது இரட்டைக் குழந்தையில ரெண்டாவதுக்குன்னு வச்சிருக்கோம், ஆனா குடுக்கலாம். 'பின்னர் அறிவிக்கப்படும்' ஒண்ணு."

மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து, பின்னால் நின்ற பல் டாக்டர் ஒருவர் தோளில் தட்டிக் கொடுத்தார். அவர் கையில் துணி சுற்றிய ஒரு ரொட்டி இருந்தது. அவருடைய குடும்பப் பெயர் ஏதோ தூர தேசத்திலிருந்து வந்தது, அந்த ஊர்ப் பாஷையில் அதற்கு ரொட்டி சுடுகிறவன் என்று அர்த்தமாம். தாத்தாவுக்குத் தாத்தா சுட்டிருக்கலாம். இவர் பிடுங்குவது பல். ஆனாலும் பெயருக்கேற்ற வாழ்வு வாழ்கிறார் என்று நிரூபிக்க வாராவாரம் ஒரு ரொட்டி சுட்டுக் கொண்டுவர வேண்டும். "ஏழு மாசமா கொண்டு வர்றேன்," என்றார் பல் டாக்டர். "பதினொரு மணிக்குள்ள சாட்சியத்தைத் தின்னுடறாங்க. கோப்புல வைக்க ஆதாரம் இல்லைன்னு அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்றாங்க."

அவருக்கும் பின்னால் நின்ற ஒரு உயரமான அம்மாள் தன் கதையைச் சொல்லவே மறுத்துவிட்டார். அவர் குடும்பப் பெயருக்கு இன்னாருடைய மகன் என்று பொருள். மூன்று வருடமாக மகன் என்று நிரூபிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று பல் டாக்டர்தான் காதோடு சொன்னார்.

மூலம் கண்டறியும் பிரிவு ஐந்தாவது மாடியில் இருந்தது. கிராதிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் ஒன்று உண்டு. அதில் இயக்குநர் ஏறலாம். மற்றவர்களில் ஏற்றம், உயர்வு, சிகரம், ஏணி ஆகிய பொருள்கள் உள்ளவர்கள் ஏறலாம். மீதிப் பேருக்குப் படி. மெக்கானிக் படியேறும்போது லிஃப்ட் அவரைக் கடந்து மேலே போயிற்று. நாலாவது மாடியைத் தாண்டும்போது "டொக்" என்று ஒரு சத்தம். மெக்கானிக் அப்படியே நின்றார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்த மாடிக் கதவின் பூட்டில் மின்சாரம் தொடும் தகடு தேய்ந்திருக்கிறது, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நட்ட நடுவில் நின்றுவிடும். திரும்பி இறங்கிப்போய் மின்னலிடம் சொன்னார்.

"லிஃப்ட் சம்பந்தமா வந்திருக்கீங்களா, பேர் சம்பந்தமா வந்திருக்கீங்களா?"

"பேர் சம்பந்தமாத்தான் சார். ஆனா அந்த லிஃப்ட்..."

"ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான்," என்றார் மின்னல்.

ஐந்தாவது மாடியில் மூல அறிஞரின் மேசைப் பலகையில் "தெளிந்த நீரோடை" என்று இருந்தது. நீரோடை மேடம் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர்களுக்கு ஒரு எழவும் புரியாது. "முன்னொட்டு உதிர்ந்த வேர்நிலையில உயிரொலிப் பெயர்ச்சியால விளைஞ்ச திரிபா, இல்ல மூல நிலத்துலேருந்து மக்கள் இடம்பெயர்ந்தப்போ கூடவே வந்த எச்சமாங்கிறதுதான் இங்க கேள்வி," என்றார்.

"ஆமாங்க மேடம்," என்றார் மெக்கானிக். வேறு என்ன சொல்வது?

"சொன்னவங்க எந்த மொழியில சொன்னாங்க?"

"மொழின்னு இல்ல மேடம். வாயில குண்டூசி இருந்துச்சு. அதனால அப்படி வந்துச்சு."

மேடம் "குண்டூசி" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "எத்தனை பேர் பேசறாங்க?"

"என் சம்சாரம் ஒருத்திதான்."

நீரோடை மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "ஒருத்தர்தானா! கடைசிப் பேச்சாளர் உயிரோட இருக்காங்களா?"

"வீட்டுல இருக்கா மேடம். பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு இருப்பா."

அடுத்த வாரமே மூன்று பேர் கொண்ட குழு ஒன்று ஒலிப்பதிவுக் கருவியோடு மெக்கானிக்கின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து இறங்கியது. நீரோடை மேடம் தலைமை. தையல் மெஷினைச் சுற்றிக் கம்பி இழுத்தார்கள். மெக்கானிக்கின் மனைவியைக் குண்டூசி வைத்துக்கொள்ளச் சொல்லி, தண்ணீருக்கு உங்கள் மொழியில் என்ன, சூரியனுக்கு என்ன, அண்ணனுக்கு என்ன என்று நூறு கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவர் "ம்ம்" என்றார். சாயங்காலத்துக்குள் ஆறு பேன்ட் முடித்தாக வேண்டும் என்ற கவலை அவருக்கு. கடைசியில், குழந்தையின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டபோதுதான் குண்டூசியைத் துப்பினார்.

"அர்த்தமா? கூப்பிட்டா திரும்புறா. அதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும் உங்களுக்கு?"

"அந்த வாக்கியம் குண்டூசி மொழியில இல்ல, பதிவாகாது," என்றார் மேடம் வருத்தத்துடன்.

அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. குண்டூசி மொழியில் எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல்தான் என்றும், இவ்வளவு சிக்கனமான நாகரிகம் இதுவரை அறியப்படவில்லை என்றும், இந்த மக்களுக்குத் தண்ணீருக்கும் சூரியனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை என்றும் அதில் இருந்தது. மூலம் என்ற கட்டத்தில் "குண்டூசி மொழிக் குடும்பம்" என்று முத்திரை விழுந்தது. பொருள் கட்டம் காலியாகவே திரும்பி வந்தது. அந்த மொழிக்கு அகராதி இல்லை. அகராதி தயாரிக்கப் பதினோரு வருடம் ஆகும்.

"பதினோரு வருஷமா? தொண்ணூறு நாள்தானே சார் இருக்கு!"

"இப்ப இருபத்தி நாலுதான் இருக்கு," என்று திருத்தினார் மின்னல். திருத்துவதில் அவர் கெட்டி. "அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. குழந்தை பேரோட அப்பா பேரும் ஒட்டிக்குமில்ல? உங்க பேரையும் சரிபார்க்க அனுப்பியிருந்தேன். வந்துடுச்சு."

மெக்கானிக்கின் பெயருக்கு இந்தப் பக்கத்துப் பாஷை எதிலும் கெட்ட பொருள் கிடையாது. ஆனால் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு மொழியில் அதே பெயர் இருந்ததாம். அதில் அதற்கு "விழுபவன்" என்று பொருளாம்.

"எங்க பெரியப்பா பேரு சார் இது. எண்பத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தார். எங்கயும் விழல."

"அப்ப அவர் பேருக்கு உண்மையா வாழலைன்னு ஆகுது," என்று மின்னல் அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. விழுபவன் என்று பொருள்படும் பெயருடைய ஒருவரை உயரமான இடங்களில், குறிப்பாக ஏறி இறங்கும் இயந்திரங்களில் பணியமர்த்துவது பொதுமக்கள் பாதுகாப்புக்கு விரோதமானது என்பதால் அவருடைய உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. கம்பெனியில் மொத்தம் மூன்று மெக்கானிக்குகள். மற்ற இருவரின் பெயரையும் அதே கையோடு தோண்டியதில் ஒருவருக்கு "ஆழம்" என்றும் இன்னொருவருக்கு "சருகு" என்றும் கிடைத்தது. மூன்று பேரையும் தரைத்தளத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கருவிப்பையை வாங்கிக்கொண்டு, "நான் என்னப்பா பண்றது, என் பேருக்கு 'அமைதி'ன்னு போட்டிருக்காங்க, நான் யார்கிட்டயும் சத்தம் போடக் கூடாது," என்றார்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்து ஒரு பேன்ட்டை எடுத்துத் தையல் பிரிக்க ஆரம்பித்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும். வேலை போனதைவிட அவருக்குக் குழந்தையின் பெயர்தான் பெரிய கவலை. "ஓரளவு திருப்தி" என்று அவளை எப்படிக் கூப்பிடுவது? அவள் எதற்காகத் திரும்ப வேண்டும்?

"என்னங்க," என்றார் மனைவி. "அவங்க என்ன வேணா எழுதிக்கட்டும். நாம வீட்டுல நம்ம பேரையே சொல்லிக் கூப்பிடுவோம்."

"ஸ்கூல்ல? ஆஸ்பத்திரில? ஊரெல்லாம் ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரா?"

அழுகிற பழக்கம் மனைவிக்கு இல்லை, குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

தொண்ணூறாவது நாள் துறையின் ஆண்டு விழா. ஐந்தாவது மாடி மண்டபத்தில் "பெயருக்கேற்ற வாழ்வு" என்ற தலைப்பில் இயக்குநர் உரை. ஜன்னல்கள் பகல் ஒரு மணி வரைதான் என்று எழுதிப்போட்டிருந்தார்கள். மெக்கானிக் கடைசி முறையாக விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மின்னல் விழா ஏற்பாட்டில் மேலே இருக்கிறார் என்றார்கள். படியேறிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் அவரைக் கடந்து போயிற்று. நாலாவது மாடியைத் தாண்டியதும் "டொக்". இந்தத் தடவை அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து இயக்குநர் குரல் கேட்டது.

நாலாவது மாடிக் கிராதி வழியாகப் பார்த்தால் லிஃப்டின் கீழ்ப்பாதி தெரிந்தது. இயக்குநரில் காலணியும் பேன்ட்டும் தெரிந்தன. அவருடைய பெயரின் பொருள் "பணிவு". அதை அவரே கண்டுபிடித்தார், அவரே பரிசீலித்தார், அவரே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டார்.

அலுவலகமே படிக்கட்டில் கூடிவிட்டது. லிஃப்டைத் தொடத் தகுதியுள்ள பொருள் யாருக்கு இருக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். தட்டச்சு செய்பவர் ஒருவருக்கு "ஏணி" என்று இருந்தது. அவரை அழைத்துவந்து கிராதிக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஏணி கொஞ்ச நேரம் கைகட்டிக்கொண்டு நின்றார். பிறகு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். பிறகு, "எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாது சார்," என்று உண்மையை ஒப்புக்கொண்டார். அவரைப் பாராட்டி அனுப்பிவைத்தார்கள்.

"ஐயா," என்று மின்னல் கிராதி வழியாக மேலே பார்த்துச் சொன்னார், "மெக்கானிக் ஒருத்தர் இங்கயேதான் நிக்கிறார். ஆனா அவர் பொருள் 'விழுபவன்'. தொட விடக் கூடாதுன்னு ஐயாவே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது மத்தவங்க ஏறுற லிஃப்டுக்குய்யா!" என்றார் பணிவு உள்ளேயிருந்து.

ஒரு மணி நேரம் போயிற்று. பல் டாக்டர் அந்த வாரத்துச் சாட்சியத்தோடு வந்திருந்தார். ரொட்டியைத் துண்டு துண்டாக்கிக் கிராதி இடுக்கு வழியாகக் கொடுத்தார். இயக்குநர் அதைத் தின்றுவிட்டுத் தெம்பாகப் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஜனங்களுக்கு அர்த்தம் குடுத்திருக்கேன். ஒரு குழந்தை பொறந்தா அம்மாக்காரிக்கு என்னய்யா தெரியும்? பசிக்கு அழுதா தெரியும், வயித்து வலிக்கு அழுதா தெரியும். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? நாங்க சொன்னாத்தானே தெரியும்! எனக்கு இந்தக் கதியா? இந்த ஊர்ல என்னைவிடப் பணிவானவன் எவனாவது இருக்கானா? இருந்தா என் முன்னாடி வந்து நிக்கச் சொல்லு, பார்த்துடறேன்!"

யாரும் வந்து நிற்கவில்லை. நின்றாலும் அவரால் பார்க்க முடியாது.

நீரோடை மேடம்தான் வழி சொன்னார், அதுவும் ஆச்சரியமாக எல்லோருக்கும் புரியும்படி. மெக்கானிக்கின் பெயர்ப்பொருளை மாற்றிவிட்டால் போயிற்று. இயக்குநருக்கு அந்த அதிகாரம் உண்டு. உடனே படிவம் வந்தது. மின்னல் அதைப் படிக்கட்டுக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ஐயா, மெக்கானிக்குக்குப் புதுப் பொருள் என்னன்னு ஐயா வாயால சொல்லணும். அப்படியே எழுதிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து லிஃப்டுக்குள் விளக்கு அணைந்தது.

"சீக்கிரம் வாய்யா!" என்று அலறினார் இயக்குநர்.

தன் பணிக்காலத்தில் முதல் தடவையாக மின்னல் மின்னலாக எழுதினார். பொருள்: சீக்கிரம் வாய்யா. படிவம் இடுக்கு வழியாக மேலே போயிற்று, கையெழுத்தோடு கீழே வந்தது. முத்திரை குத்தினார்கள். மெக்கானிக் தகுதியுள்ளவர் ஆனார்.

"லிஃப்ட் மெஷின் ரூம் மொட்டை மாடில. இந்தாங்க சாவி," என்றார் மின்னல்.

மெக்கானிக் சாவியை வாங்கினார், ஆனால் நகரவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். சட்டைப் பையிலிருந்து மகளின் விண்ணப்பத்தை எடுத்தார்.

"ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான்," என்று ஆரம்பித்தார் மின்னல். படிக்கட்டில் நின்ற உயரமான அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருடம் சேர்த்துவைத்த பார்வை. மின்னல் வாயை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் விண்ணப்பத்தை இடுக்கில் நுழைத்தார். "சார், இது என் பொண்ணோடது. இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"முதல்ல என்னை இறக்குய்யா! அப்புறம் பேசிக்கலாம்!"

"இறக்கிடறேன் சார். பத்தொன்பது வருஷத்துல லிஃப்டுக்குள்ள ஆளை வச்சுக்கிட்டு நான் பேரம் பேசினதில்ல. நீங்க போட்டாலும் இறக்குவேன், போடாட்டியும் இறக்குவேன். ஆனா இறங்கினப்புறம் போட மாட்டீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதான் இப்பவே கேட்டுக்கிறேன்."

உள்ளேயிருந்து வந்த குரல் இப்போது இறங்கியிருந்தது. "சரி. பொருள்னு என்ன எழுதணும்?"

"ஒண்ணும் எழுத வேண்டாம் சார். கட்டம் அப்படியே இருக்கட்டும். கையெழுத்து மட்டும்."

"காலியாவா?" இயக்குநருக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டதைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. "காலியாவா விடச் சொல்ற? ஒரு கட்டம் காலியா இருந்தா நாளைக்கு ஊரே காலியா விடும். அப்புறம் இந்த அஞ்சு மாடியில உட்கார்ந்து நாங்க எல்லாரும் என்ன பண்றது? இந்தா பாரு, நல்ல பொருளாத் தர்றேன். 'முத்துச்சரம்' வேணுமா? 'பேரழகு'? 'உலகை ஆள்பவள்'னு ஒண்ணு இருக்குய்யா, வெளியில யாருக்கும் காட்டல, என் பேத்திக்குன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். எடுத்துக்கோ!"

மெக்கானிக்குக்கு ஒரு கணம் ஆசை வரத்தான் செய்தது. பெற்ற பெண் உலகை ஆள்வதை எந்த அப்பன் வேண்டாம் என்பான்? ஆனால் அந்த நாலாவது மாதம், அந்த ஓசை, அந்த உதை எல்லாம் நினைவுக்கு வந்தன.

"வேண்டாம் சார். கூப்பிட்டா திரும்புறா. எங்களுக்கு அது போதும்."

சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார். கையெழுத்து விழவில்லை என்று தெரிந்துதான் போனார். ஆனால் உள்ளே ஒரு ஆள் இருட்டில் நிற்கிறான், அவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் முதலில் இறக்கியாக வேண்டும்.

மெஷின் அறையில் மின்சாரத்தைத் துண்டித்தார். ஒரு கையால் பிரேக் நெம்புகோலைத் தளர்த்தி, இன்னொரு கையால் பெரிய சக்கரத்தைச் சுற்றினார். வெகு நாளாக யாரும் எண்ணெய் போடாத மெஷின். முதல் சுற்றுக்கு லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. அடியிலிருந்து இயக்குநர் கத்தியது மொட்டை மாடி வரைக்கும் கேட்டது. "விழுபவன்! விழுபவன்!" என்று அவர் கத்தினார். புதுப் பொருளுக்குத் தானே ஒப்புதல் கொடுத்திருந்தும், ஆபத்து என்று வந்தபோது அவருக்குப் பழைய பொருளில்தான் நம்பிக்கை இருந்தது. மெக்கானிக் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, கயிற்றில் மாடிக்கு மாடி போட்டிருந்த பழைய அடையாளத்தைப் பார்த்து, நாலாவது மாடிக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் இறங்கி வரும்போது கிராதி திறந்திருந்தது. கூட்டம் மண்டபத்துக்குப் போய்விட்டது, மின்னல் மட்டும் நின்றுகொண்டிருந்தார். லிஃப்டின் தரையில், ரொட்டித் துகள்களுக்கு நடுவே விண்ணப்பம் கிடந்தது. பொருள் கட்டம் காலி. அதற்குக் கீழே இயக்குநரின் கையெழுத்து ஒரு எழுத்து வரைக்கும் நன்றாக வந்து, அங்கிருந்து தாளின் விளிம்பு வரை கோணலாகச் சரிந்து போயிருந்தது. முதல் குலுக்கலுக்குப் பிறகு, லிஃப்ட் மறுபடி நகர்ந்த நொடியில் போட்டது. செத்துப்போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"செல்லுமா சார்?" என்றார் மெக்கானிக். மணி ஒன்று ஆக மூன்று நிமிடம் இருந்தது.

மின்னல் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே முத்திரையை எடுத்துக் குத்தினார். "சரியாத் தெரியல எனக்கு," என்றார். அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத பெரிய உபகாரம் அது.

மேலே மண்டபத்தில் இயக்குநரின் உரை தொடங்கியிருந்தது. நெருக்கடி நேரத்தில் துறை எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதைச் சோதிக்கவே தாம் வேண்டுமென்று லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் தங்கியிருந்ததாகச் சொன்னார். சோதனையில் துறை தேறிவிட்டது. சோதனையின் பயனாகப் புதிய பிரிவு ஒன்று இன்று முதல் தொடங்கப்படுகிறது. அதன் பெயர் காலிக் கட்டப் பிரிவு. ஜன்னல் மூன்று, பணியாளர் ஒன்பது பேர். கைத்தட்டல் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

முத்திரை விழுந்த தாள்தான் சான்றிதழ். வீட்டில் மனைவி இரண்டையும் வாங்கிப் பார்த்தார். முதலில் கணவருடையது. "பொருள்: சீக்கிரம் வாய்யா" என்று படித்ததும் வாயிலிருந்த குண்டூசி அத்தனையும் தரையில் சிதறும்படி சிரித்துவிட்டார்.

"இதைத்தானேங்க நான் கல்யாணம் ஆனதிலேருந்து சொல்லிட்டு இருக்கேன்! அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பிறகு மகளுடையது. பெயர் இருந்தது, அவர் வாயிலிருந்து வந்த அதே பெயர். காலிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டுக்கும் இந்த மாதிரி ஒரு காகிதம்கூட இல்லைங்க," என்றார். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார், அவருக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. குழந்தைக்குத் தவழ்கிற வயதில்லை, பாயில் குப்புறக் கிடந்தது. மனைவி அதைக் கூப்பிட்டார். திரும்பியது. திரும்பின வேகத்தில் கையை நீட்டிச் சான்றிதழைப் பிடித்து வாயில் வைத்தது. பிடுங்குவதற்குள் காலிக் கட்டத்தில் எச்சில் வட்டமாகப் படர்ந்துவிட்டது. மெக்கானிக் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"விடுங்க," என்றார் மனைவி. "அவ கட்டம். அவ என்ன வேணா எழுதிக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்துக் காலிக் கட்டப் பிரிவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். காலியாக வழங்கப்பட்ட கட்டம் தொடர்ந்து காலியாகப் பராமரிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சான்றிதழை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காய்ந்துபோன வட்டத்தைப் பேனாவால் சுட்டினார்.

"இது என்னம்மா? காலியா இருக்க வேண்டிய இடத்துல இப்படி? விளக்கம் தரணும்."

மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. வாயில் ஐந்து குண்டூசி. அதை எடுக்காமலே, ஆய்வாளரை நேராகப் பார்த்து, உதடு பிரியாமல் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார்.

ஆய்வாளரின் முகம் பிரகாசமாயிற்று. துறை நடத்திய குண்டூசி மொழிச் சான்றிதழ் வகுப்பில் அவர் முதல் மதிப்பெண் பெற்றவர். மரியாதையாகத் தலையை ஆட்டி, "விளக்கம் திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் மூலையில் நின்று சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். மனைவி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.